கயிற்றுத் தேவிகளும் பெயரில்லாக் கைகளும்

2015-ஆம் ஆண்டின் குடியரசு தின விழாவைத் தில்லி மக்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். அன்று ராஜபாதை என்று அழைக்கப்பட்ட சாலையில், முப்படைகளையும் சேர்ந்த மகளிர் மட்டுமே இடம்பெற்ற அணிகள் முதன்முறையாக நடைபோட்டன. பெண் சக்தி என்பதே அந்த ஆண்டு விழாவின் முழக்கமாக இருந்தது.

அதே வாரத்தில், இந்தியா கேட் வட்டத்தை ஒட்டிய ஜெய்ப்பூர் இல்லத்தில் உள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தில் ஒரு கண்காட்சி திறக்கப்பட்டது. அங்கும் பெண் சக்திதான் நின்றது. ஆனால் அதற்குச் சீருடை இல்லை, பாண்டு வாத்தியம் இல்லை. சணல் கயிற்றை முடிச்சிட்டு முடிச்சிட்டே எழுப்பிய உருவங்கள் அவை. சில கூரையிலிருந்து தொங்கின. சில தரையில் கால் பரப்பி நின்றன. ஆள் உயரத்தையும் தாண்டியவை பல. கருஞ்சிவப்பு, கறுப்பு, ஊதா, மஞ்சள் என்று சாயமேற்றிய கயிறுகள் மடிப்பு மடிப்பாக விரிந்தும் சுருண்டும் தொங்கின. தொலைவிலிருந்து பார்த்தால் சந்நிதியில் அமர்ந்திருக்கும் அம்மன். சற்றே நெருங்கினால் பெரியதொரு பூ. இன்னும் நெருங்கினால் பெண் உடலின் மறைவிடங்களை எந்த ஒளிவுமறைவுமின்றி நினைவூட்டும் இதழ்கள்.

அவற்றைப் படைத்தவர் மிருணாளினி முகர்ஜி. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தில்லியில் வாழ்ந்து பணியாற்றியவர். தமது வாழ்நாள் உழைப்பை ஒருசேரக் காட்டும் அந்தக் கண்காட்சியின் திறப்பு விழாவைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. திறப்பு விழாவின்போது அவர் மருத்துவமனையில் இருந்தார். பிப்ரவரி தொடக்கத்தில், 65-ஆவது வயதில் காலமானார்.

ஒரே வாரத்தில் தலைநகரில் அருகருகே நிகழ்ந்த இந்த இரண்டையும் இன்று திரும்பிப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழாமல் இல்லை. பெண்ணைச் சக்தி என்று வணங்குவதில் இந்த நாட்டின் ஆட்சியாளர்களுக்கு எந்தக் காலத்திலும் தயக்கம் இருந்ததில்லை. ஆனால் அவர்கள் வணங்கும் அந்தச் சக்தி யாருடைய கற்பனையில் உருவானது? பெண்ணே தன் கையால் அவளை உருவாக்கினால் அவள் எப்படி இருப்பாள்?

முகர்ஜியின் தேவிகளுக்கு முன்னோர் உண்டு. சிந்துவெளியில் கிடைத்த சுடுமண் பெண் உருவங்கள் அவற்றில் மூத்தவை. விசிறி போன்ற தலையலங்காரம், கழுத்து நிறைய மாலைகள், இடையில் ஒரு பட்டை. கண்களும் முலைகளும் களிமண் வில்லைகளாக ஒட்டப்பட்டவை. இவற்றைத் தாய்த்தெய்வங்கள் என்றே அகழாய்வாளர்கள் முதலில் எழுதினார்கள். வெறும் பொம்மைகளாகவோ நேர்த்திக்கடன் பொருள்களாகவோ இருக்கலாம் என்று பின்வந்த ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். அந்த விவாதம் ஓய்ந்தபாடில்லை. ஆயினும் ஒன்றை யாரும் மறுப்பதற்கில்லை. இந்தப் பெண்கள் யாருக்கும் மனைவியராக நிற்கவில்லை. அருகில் ஆண் தெய்வம் எதுவும் இல்லை.

தக்காணத்தில் கிடைத்த லஜ்ஜா கௌரி சிற்பங்கள் இன்னும் துணிச்சலானவை. தலை இருக்க வேண்டிய இடத்தில் மலர்ந்த தாமரை; கீழே, பிள்ளை பெறும் நிலையில் விரிந்த கால்கள். பாதாமியிலும் ஆலம்பூரிலும் இன்றும் அவளைக் காணலாம். நாணம் என்று பொருள்படும் "லஜ்ஜா" பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்ட சொல். அந்தச் சிற்பத்தில் நாணத்தின் சாயலே இல்லை. பார்த்தவர்களுக்கு ஏற்பட்ட சங்கடத்தைத் தெய்வத்தின் பெயராக வைத்துவிட்டார்கள் போலும்.

முகர்ஜி இவற்றைப் பார்த்து நகலெடுக்கவில்லை. தேவி, யக்ஷி, வனஸ்ரீ என்றெல்லாம் பெயரிட்டாரே தவிர, எந்தப் புராணத்துக்கும் அவை படவிளக்கம் அல்ல. எந்தச் சமயத்தின் விக்கிரகங்களும் அல்ல என்பதை அவரே சொல்லியிருக்கிறார். கோயிலின் கருவறைக்குள் நுழைந்து நிமிர்ந்து பார்க்கும் கணத்தில் ஏற்படும் திகைப்பே அவர் தேடியது. சில உருவங்களில் ஆணும் பெண்ணும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அவர் படைத்த தாய், தாலாட்டும் தாய் மட்டும் அல்லள். காமமும் சினமும் பசியும் உள்ளவள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு புன்னகைக்கும் நாட்காட்டித் தாயை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

இந்திய நவீனக் கலையின் வரலாற்றில் இன்னொரு தாயும் உண்டு. வங்கப் பிரிவினை நடந்த 1905-இல் அவனீந்திரநாத் தாகூர் வரைந்த பாரத மாதா. காவி உடுத்திய அந்தத் தாயின் நான்கு கைகளில் ஏடு, நெற்கதிர், ஜபமாலை, வெண்துணி. கல்வியும் உணவும் அருளும் போலவே உடையும் அவள் மக்களுக்கு வழங்கும் கொடை. சுதேசிப் போராட்டத்தின் நாள்களில் அந்த வெண்துணிக்கு இருந்த அரசியல் பொருளைச் சொல்ல வேண்டியதில்லை. சாந்தமே உருவான அந்த மாதாவுக்குப் பிற்காலத்தில் சிங்கமும் சூலமும் கொடியும் சேர்ந்தன. அரசியல் மேடைகளின் பின்புறத்தில் அவள் நிரந்தர இடம்பிடித்தாள். அவளுடைய உடல் தேசத்தின் வரைபடமாயிற்று. பெண் உடலாக அது இருப்பதை எல்லோரும் சௌகரியமாக மறந்துபோனார்கள்.

அவனீந்திரநாத்தின் மாணவர் நந்தலால் போஸ். நந்தலாலின் மாணவர், சாந்திநிகேதனின் சுவரோவியங்களால் புகழ்பெற்ற வினோத் பிஹாரி முகர்ஜி. மிருணாளினி அவருடைய ஒரே மகள். தாய் லீலா முகர்ஜியும் மரச்சிற்பக் கலைஞர். ஆக, 1905-இன் அந்தத் தாய்க்கும் சணல் கயிற்றுத் தேவிக்கும் இடையே குரு - சீட வரிசையில் உள்ள தூரம் மிகக் குறைவு. ஆனால் அங்கே தேவியின் கையிலிருந்த துணி, இங்கே தேவியின் உடலே ஆகிவிட்டது. அவள் யாருக்கும் எதையும் வழங்குவதற்காக நிற்கவில்லை.

இந்த மாற்றத்தில் தமிழர் ஒருவருக்கும் பங்கு உண்டு. கேரளத்தின் கூத்துபறம்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1942 "வெள்ளையனே வெளியேறு" போராட்டத்தில் சிறை சென்றவர் கே.ஜி. சுப்பிரமணியன். பின்னர் சாந்திநிகேதனில் வினோத் பிஹாரியிடம் பயின்றார். அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் பணியாற்றிய அனுபவம் அவருக்கு உண்டு. கைவினைஞரின் கையும் கலைஞரின் கையும் வேறல்ல என்பதைப் பரோடா பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்தில் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னவர். ஓவியம் படிக்க வந்த மிருணாளினி கயிற்றின் பக்கம் திரும்பியது அவரிடம் பயின்றபோதுதான். தறி இல்லை, முன்கூட்டி வரைந்த படம் இல்லை. ஒரு முடிச்சு அடுத்த முடிச்சைத் தீர்மானிக்கும். ஓர் உருவம் முடிய மாதக்கணக்கில் ஆகும்.

கலையுலகம் இதை உடனே ஏற்றுக்கொண்டு விடவில்லை. கல்லில் செதுக்கினால் சிற்பம், வெண்கலத்தில் வார்த்தால் சிற்பம். கயிற்றில் முடைந்தால் மட்டும் கைவேலை. பூந்தொட்டி தொங்கவிடும் உறி பின்னுவதைப் போன்ற பெண்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் இங்கும் இருந்தது, மேலை நாடுகளிலும் இருந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளுக்கென்று பெரிய கண்காட்சி நடத்தியது 2019-இல். வெனிஸ் கலைவிழாவின் மைய அரங்கில் அவருடைய தேவிகள் நின்றது 2022-இல். இரண்டுமே அவர் மறைந்த பிறகு. தில்லி அவருக்குச் செய்த மரியாதை அவர் உயிரோடிருந்த கடைசி வாரத்தில் வந்தது. அதையாவது செய்தார்களே என்றுதான் ஆறுதல் கொள்ள வேண்டியிருக்கிறது.

இருந்தும், முகர்ஜி கல்வியும் தொடர்புகளும் வாய்த்த குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய பெயர் நிலைத்துவிட்டது. துணியில் தாய்த்தெய்வத்தைக் காலங்காலமாகப் படைத்துவரும் வேறு பெண்களின் பெயர்களைத் தேடினால்தான் கைக்கு எதுவும் அகப்படுவதில்லை. அதற்கு அகமதாபாத்துக்குப் போக வேண்டும்.

குஜராத்தில் வாக்ரி என்று அழைக்கப்பட்டு, இன்று தேவிபூஜக் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் சமூகத்தார் உள்ளனர். பிரிட்டிஷ் ஆட்சியில் குற்றப்பரம்பரையினர் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள். அந்தச் சட்டம் என்னவென்று தமிழ்நாட்டு வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை; பெருங்காமநல்லூர் நினைவுக்கு வந்தால் போதும். மேல்சாதிக் கோயில்களுக்குள் இவர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. அதற்கு இவர்கள் கண்ட மாற்று வியப்புக்குரியது. கோயிலையே துணியில் எழுதிக்கொண்டார்கள். "மாதா நீ பச்சேடி" என்பது அதன் பெயர். அன்னைக்குப் பின்னால் தொங்குவது என்று பொருள். நான்கைந்து துணிகளைச் சுற்றிலும் கட்டி, மேலே ஒரு விதானத் துணியை விரித்தால் சந்நிதி தயார். நவராத்திரி முடிந்ததும் மடித்து எடுத்துச் செல்லலாம்.

அந்தத் துணிகளின் நடுவே வளைவின் கீழ் அன்னை வீற்றிருப்பாள். மேல்டி மாதா ஆட்டின் மீதும், கோடியார் மாதா முதலையின் மீதும், பகுசரா மாதா சேவலின் மீதும் வருவார்கள். வெறிநாய்க்கடியிலிருந்து காக்கும் ஹட்காய் மாதாவுக்கு நாயே வாகனம். பகுசராவைத் திருநங்கையர் தங்கள் குலதெய்வமாகக் கொண்டாடுகிறார்கள். முகர்ஜியின் தேவிகளைப் போலவே இவர்களும் யாருக்கும் துணைவியர் அல்லர். ஏழையின் ஆட்டுக்கும் நோய்க்கும் நாய்க்கும் அருகில் இருப்பவர்கள்.

கறுப்பும் சிவப்பும் துணியின் வெள்ளையுமே மரபான வண்ணங்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்துக் கறுப்பு எடுக்கிறார்கள். சிவப்பு வர வேண்டிய இடங்களில் புளியங்கொட்டைக் கூழில் கலந்த படிகாரத்தைப் பூசுகிறார்கள். பிறகு ஓடும் நீரில் அலசி, சாயத்தோடு கொதிக்க வைக்கும்போதுதான் அந்த இடங்கள் சிவக்கும். பெரும்பாலான குடும்பங்களில் கறுப்புக் கோட்டை வரைபவர் ஆண்; கோட்டுக்குள் நிரப்புபவர் பெண். வடிவம் வரைந்தவரின் பெயரில் துணி விற்கப்படுகிறது. அன்னையின் சிவப்பு முழுவதும் யாருடைய விரல் வழியாக வந்ததோ அவருடைய பெயரைத் துணி சொல்வதில்லை. அலசுவதற்கான ஓடும் நீருக்கும் தட்டுப்பாடு. சபர்மதி ஆற்றங்கரைத் திட்டத்துக்குப் பிறகு நகரின் நடுவே ஆறு கான்கிரீட் கரைகளுக்கிடையே தேக்கிவைத்த நீராகிவிட்டது. நடைபாதை அழகாகத்தான் இருக்கிறது. துணி அலசுகிறவர்களுக்கு அங்கே என்ன வேலை?

இவர்களை அரசு கவனிக்கவே இல்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. 2022 நவம்பரில் பாலியில் நடந்த ஜி-20 மாநாட்டில் பிரதமர் மோடி, பிரிட்டிஷ் பிரதமர் ரிஷி சுனக்குக்கு மாதா நீ பச்சேடி ஒன்றைப் பரிசளித்தார். 2023-இல் இக்கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் இக்கலையின் மூத்த கலைஞர் பானுபாய் சித்தாராவுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மூன்றும் வரவேற்கத்தக்கவையே. குற்றப்பரம்பரை என்று கைரேகை வாங்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் வரைந்த துணி, அந்தச் சட்டத்தை இயற்றிய நாட்டின் பிரதமருக்கு அன்பளிப்பாகப் போய்ச் சேர்ந்ததில் வரலாற்றின் ஒரு குறும்பும் இருக்கிறது. ஆனால் பரிசாகும்போது துணி தேசத்தின் பாரம்பரியமாகிவிடுகிறது. அது ஏன் தோன்றியது, எந்தக் கோயிலின் கதவு மூடப்பட்டதால் தோன்றியது என்ற கதை பரிசுப் பெட்டிக்குள் போவதில்லை.

துணிக்கும் தாய்த்தெய்வத்துக்கும் உள்ள உறவை இன்னும் அப்பட்டமாகச் சொல்லும் இடம் குவாஹாட்டியின் காமாக்யா. அங்கே கருவறையில் சிலை கிடையாது. நீரூறும் பாறைப் பிளவு ஒன்றே அன்னை. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில், அன்னைக்கு மாதவிலக்கு என்று சொல்லி மூன்று நாள்கள் கோயிலை மூடுகிறார்கள். அம்புபாசி எனப்படும் அந்த விழாவின் முடிவில், பாறையைப் போர்த்தியிருந்த சிவப்புத் துணியின் துண்டுகள் பிரசாதமாகின்றன. அதைப் பெறுவதற்கு நாடெங்கிலுமிருந்து லட்சக்கணக்கானோர் வருகின்றனர்.

தேவியின் துணி இப்படிப் பிரசாதமாகும் நாட்டில், பெண்களின் விலக்கு நாள் துணிக்கு வரி விதிக்கப்பட்டது. 2017 ஜூலையில் சரக்கு - சேவை வரி வந்தபோது சானிட்டரி நாப்கினுக்கு 12 சதவீதம். பெண்கள் அமைப்புகள் ஓராண்டு போராடிய பிறகே, 2018 ஜூலையில் அந்த வரி நீக்கப்பட்டது. மாதா நீ பச்சேடியின் மண்ணான குஜராத்திலேயே, பூஜ் நகரின் மகளிர் கல்லூரி விடுதி ஒன்றில் 2020 பிப்ரவரியில் நடந்ததை நினைத்தால் தலைகுனிவு ஏற்படுகிறது. யாருக்கு மாதவிலக்கு என்று கண்டறிவதற்காக 68 மாணவியரின் உள்ளாடைகள் களையப்பட்டுச் சோதிக்கப்பட்டன. சோதித்தவர்களும் பெண்கள்தான்.

தெய்வ உருவங்களே பெண்ணடிமைத்தனத்தின் ஆணிவேர், ஆகவே அவை கலையில் எந்த வடிவில் வந்தாலும் ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும் என்று வாதிடுவோர் தமிழகத்தில் நிறையவே உண்டு. அந்த ஐயம் காரணமற்றதல்ல. கோயிலில் அம்மனாகவும் அடுப்படியில் அடிமையாகவும் பெண்ணை வைத்திருப்பதன் முரண்பாட்டைத் தமிழ் மேடைகள் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பேசி வந்திருக்கின்றன. ஆனால் முகர்ஜியின் தேவிகளுக்கு முன்னால் யாரும் கைகூப்புவதில்லை, கற்பூரம் காட்டுவதில்லை. ஒதுக்கப்பட்டவர்கள் எழுதிய பச்சேடியோ, கோயிலின் அதிகாரத்துக்கே பதில். பெண் உடலைப் பீடத்தில் ஏற்றி மூடிவைப்பதற்கும், அதன் குருதியையும் காமத்தையும் பிரசவத்தையும் பகலில் விரித்துக் காட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பகுத்தறிவாளர்களும் கருத்தில் கொள்ள வேண்டும். எல்லாத் தேவிகளையும் ஒரே மூட்டையில் கட்டுவது அதிகாரத்தில் இருப்பவர்களுக்கே வசதி.

பீடத்தில் ஏற்றும் மொழிக்கு அண்மைக்கால உதாரணம் நாடாளுமன்றத்திலேயே கிடைக்கிறது. மக்களவையிலும் சட்டப்பேரவைகளிலும் மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடங்களை ஒதுக்கும் மசோதா முதன்முதலில் அறிமுகமானது 1996-இல். மாநிலங்களவையில் 2010-இல் நிறைவேறி, மக்களவைக்கு வராமலே காலாவதியானது. இறுதியில் 2023 செப்டம்பரில், புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் முதல் அலுவலாக நிறைவேறியது. அதற்கு வைக்கப்பட்ட பெயர் "நாரி சக்தி வந்தன்" சட்டம். வந்தனம் என்றால் வணக்கம். உரிமை என்ற சொல் அந்தப் பெயரில் இல்லை. வணங்கிய கையோடு, அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதன் பிறகு தொகுதி மறுவரையறையும் முடிந்தால்தான் ஒதுக்கீடு நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையும் சேர்க்கப்பட்டது. அடுத்து 2024-இல் நடந்த மக்களவைத் தேர்தலில் 543 இடங்களில் பெண்கள் வென்றவை 74. முந்தைய மக்களவையைவிட இது குறைவு.

சட்டமும் தேர்தலும் பெரிய விஷயங்கள். அவற்றுக்குக் காலம் பிடிக்கும் என்றே வைத்துக்கொள்வோம். கலைக்கூடங்களும் கைவினைத் துறையும் செய்யக்கூடியவை சிறியவை. முகர்ஜியின் கயிறுகள் கல் அல்ல. சணல் வெளிச்சத்தில் வெளிறும், ஈரத்தில் இற்றுப்போகும், பூச்சி அரிக்கும். பொதுச் சேகரிப்புகளில் உள்ள இழைப் படைப்புகளைக் காப்பதற்கு அதில் பயிற்சி பெற்ற ஆள்கள் வேண்டும். கைவினை அருங்காட்சியகங்களில் "குஜராத், 20-ஆம் நூற்றாண்டு, பருத்தித் துணி" என்ற ஒற்றை வரியோடு துணியைத் தொங்கவிடும் வழக்கத்தையும் கைவிட வேண்டும்.

புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்களைத் தனித்தனியே பதிவு செய்யும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. கோடு வரைந்தவரின் பெயருக்குப் பக்கத்தில், படிகாரம் பூசியவரின் பெயரையும் அங்கே எழுதலாம். அதற்கு அரசியல் சட்டத் திருத்தம் தேவையில்லை; கணக்கெடுப்பும் மறுவரையறையும் முடியும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.